பூட்டாத வண்டி

எய்லா கங்காஸ் தன் ஐம்பத்தேழு வயது வரை எதையும் பூட்டியதில்லை. வீட்டுக்கு ஒரு சாவி இருந்ததாம். கல்யாணமான வருடமே அது தொலைந்துபோனதாம். தேட யாருக்குப் பொழுது இருந்தது என்பாள். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் இறக்கிவிடுவாள் என்று காப்பிக்கடையில் ஒருவன் சிரித்தான். அந்த வருடம் முதல் பெரும்பனியில் பள்ளத்தில் இறங்கியது அவனுடைய கார்தான். எய்லா சங்கிலி போட்டு இழுத்து மேலே விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடமாக அந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

மிச்சிகனின் வடக்குக் காட்டில், எங்கள் பக்கம், ஏரிக்குப் போகிறவர்கள் படகுத்துறையில் வண்டியை விடும்போது சாவியையும் அதிலேயே விட்டுவிடுவார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டி இருக்கிறதே, அதன் மடிப்பில். காட்டுக்குள் யாருக்காவது உயிர்போகிற அவசரம் என்றால், கண்ணில் படுகிற வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவரும்போது டேங்கை நிரப்பியிருக்க வேண்டும், இருக்கையில் தின்பதற்கு ஏதாவது வைத்திருக்க வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. திருட்டு என்று பெயர் வைக்கவும் இல்லை.

எய்லாவுக்கு இது வெறும் பழக்கமல்ல. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பி வெய்க்கோவின் கை மரம் அறுக்கும் ரம்பத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எல்போ ஏரித் துறைக்கு ஓடிவந்தார். அங்கே முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பழைய ஃபோர்டு வண்டி நின்றது, அதில் சாவி இருந்தது. வெய்க்கோ பிழைத்தான். மிச்சமிருக்கும் மூன்று விரலால் இன்றைக்கும் அக்கார்டியன் வாசிக்கிறான், கேட்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அம்மா ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி சுட்டு, அந்த வண்டியின் இருக்கையில் துணி சுற்றி வைத்தது எய்லாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. ரொட்டியின் சூடு ஆறவில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம் அக்டோபரில் இரண்டாவது வெள்ளிக்கிழமை அதே துறையில்தான் அவள் தன் மருமகனோடு சண்டை போட்டாள். இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்க நான்கு பேர் வந்திருந்தார்கள்: எய்லா, கணவர் ரெய்னோ, மகள் மார்லிஸ், மார்லிஸின் கணவன் கர்ட்டிஸ். கர்ட்டிஸ் சிகாகோக்காரன். தினமும் காலையில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு பத்து மைல் ஓடுகிறவன். அவன் அப்படி ஓடுவதை ரெய்னோ முதன்முதலில் பார்த்தபோது வண்டியை நிறுத்தி, “யாருப்பா துரத்தறாங்க? சீக்கிரம் ஏறு!” என்று கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதையும் எங்கள் ஊரில் நன்றாக ஓடியது.

சாமான்களையெல்லாம் படகுகளில் ஏற்றிய பிறகு, கர்ட்டிஸ் எய்லாவின் வண்டிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

“என்ன பண்றே?” என்றாள் எய்லா.

“பூட்டறேன்.”

“எதுக்கு?”

“உள்ள உங்க பை இருக்கு, ரெய்னோவோட ரம்பம் இருக்கு. சிகாகோவுல எனக்கு ரெண்டு கார் போயிருக்கு, எய்லா.”

“அது சிகாகோ. இங்க திருடி எங்கடா கொண்டுபோவான்? இருக்கறது ஒரே ரோடு. அதுல பாதியில நான்தான் பனி தள்றேன்.”

“ரெண்டு நாள்தானே? பூட்டியிருந்தா என்ன ஆயிடும்?”

“காட்டுல எவனுக்காவது ஒண்ணு ஆகி ஓடியாந்தா? உன் பூட்டைப் பாத்துக்கிட்டே சாவணுமா?”

படகில் உட்கார்ந்திருந்த ரெய்னோ துடுப்பால் தண்ணீரைத் தட்டினார். “குடுத்துடு மாப்ளே. நான் முப்பத்தஞ்சு வருஷமாச் சண்டை போடறேன். ஒண்ணுலயாவது ஜெயிச்சிருக்கேனா?”

மார்லிஸ் சிரித்தாள். கர்ட்டிஸும் பாதி சிரிப்போடு சாவியை நீட்டினான். எய்லா பூட்டைத் திறந்து, சாவியை வெயில் தட்டியின் மடிப்பில் செருகி, அவனுக்குக் கேட்கட்டும் என்றே கதவைப் படாரென்று சாத்தினாள். ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டு ஏரியின் மறுகோடிக்குப் போனார்கள். தாமரக் மரங்களெல்லாம் மஞ்சள் பூத்து, ஊசியிலைகள் தண்ணீரில் உதிர்ந்து கிடந்தன. அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ரெய்னோ நாற்பது வருடம் மரம் வெட்டியவர். ஒரு தடவைகூடக் கோடாரி தன் மேல் பட்டதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. அந்த வசந்தத்தில் இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சவரம் செய்யும்போதுகூட ஜாக்கிரதை என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, அப்படியானால் தாடியே வளர்த்துக்கொள் என்று எய்லா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கத்தி, ரம்பம், கோடாரி எதையும் தொடக்கூடாது. வீட்டுக் கோடாரியைப் பரண்மேல் ஒளித்தும் வைத்தாள்.

சனிக்கிழமை காலை கரையோரமாகத் தார்ப்பாய் கட்டி, கற்களைச் சூடாக்கி, சானா என்கிற நீராவிக் குளியலுக்கு ஏற்பாடு நடந்தது. தான் கொண்டுவந்த கோடாரியால் விறகு பிளக்கும் வேலை கர்ட்டிஸுக்கு. அவன் கோடாரி பிடித்த லட்சணத்தைச் சகிக்க முடியாமல், எய்லா தண்ணீர் மொள்ளப் போன நேரம் பார்த்து, “தள்ளுப்பா, ரெண்டே ரெண்டு” என்று ரெய்னோ வாங்கிக்கொண்டார். இரவுப் பனி விழுந்து மேப்பிள் கட்டை வழுவழுவென்று இருந்தது. கோடாரி சறுக்கி, ரப்பர் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு, இடது கெண்டைக்காலில் இறங்கியது.

மனிதர் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளின் பாழாய்ப்போன குணம் இது. “கட்டை நனைஞ்சிருக்கு, வேற கொண்டா” என்று கர்ட்டிஸை அனுப்பிவிட்டு, கழுத்துத் துணியைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, மரத்துண்டின் மேல் உட்கார்ந்து காப்பி குடித்தார். எய்லா திரும்பி வந்து நிசு ரொட்டியில் ஒரு துண்டு கொடுத்தாள். அதையும் தின்றார். அவளுக்குத் தெரிந்தால் கத்துவாள் என்ற பயம். இதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்து எழுந்து ஓரடி வைத்தபோது பூட்ஸுக்குள் சளக் என்று சத்தம் கேட்டது.

“என்ன அது? தண்ணில கால வெச்சியா?”

“ஆமா.”

எய்லா குனிந்து பார்த்தாள். கிழிசல் வழியாகக் கசிவது தண்ணீரில்லை. பூட்ஸை உருவிக் கவிழ்த்தபோது ஒரு செம்பு இரத்தம் இலைமேல் கொட்டியது.

“யோவ் கிழவா, உன்னைக் கொன்னுடுவேன்!” என்று கத்தினாள்.

“அதான் பாதி வேலை முடிஞ்சிருச்சே” என்றார் ரெய்னோ.

கர்ட்டிஸ்தான் தன் பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே போட்டு, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினான். முறுக்கியதை அவன் விடவில்லை. கூடாரம், பாத்திரம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஒரே படகில் ஏறினார்கள். மார்லிஸ் அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எதிர்காற்று. எய்லா முன்னால், கர்ட்டிஸ் பின்னால். அவள் வாழ்நாளில் அப்படித் துடுப்புப் போட்டதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மனதுக்குள் வழியைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்: துறையிலிருந்து காட்டுச்சாலை பதினான்கு மைல், குழிகளைப் பார்க்காமல் விட்டால் முப்பது நிமிடம், நெடுஞ்சாலை ஏறியதும் ஆஸ்பத்திரிக்கு இருபது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். வண்டியில் ஏறிவிட்டால் போதும்.

“பாத்துப் போ, படகு பறக்குது” என்றார் ரெய்னோ. “சானா கல்லு வேற ஆறிடும்.”

“வாயை மூடு.”

“நீ இப்படிக் கோவமா இருக்கறப்ப அழகா இருக்கே.”

“அப்பா, பேசாதீங்கப்பா” என்று மார்லிஸ் அழுதாள். பெல்ட்டின் கீழே துணி மூன்றாவது தடவையாக நனைந்துவிட்டிருந்தது.

கடைசித் திருப்பத்தில் துறை தெரிந்தது. எய்லா முதலில் அதைத் தவறான இடம் என்றுதான் நினைத்தாள். அதே சரளைக்கல், அதே சாய்ந்த பிர்ச் மரம், அதே பலகை. வண்டி இல்லை.

படகு கரை தட்டுமுன்பே குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடினாள். வண்டி நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும். அதன் நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன் அடியில் ரொட்டிப் பொட்டலக் காகிதம். பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது:

‘என் மகளைக் குளவிக்கூட்டம் கொட்டிவிட்டது. தொண்டை வீங்கி மூச்சுவிட முடியவில்லை. பறவை சுட வந்தோம், எங்கள் வண்டி மேற்கே ஐந்து மைலில், சதுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. உங்கள் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். நாளை மதியத்துக்குள் கொண்டுவந்து விடுவேன். டேங்க் நிரப்பிவிடுகிறேன். ரொம்ப நன்றி. வெர்னன் ஸ்ட்ராண்ட். காலை 10.40.’

எய்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. ஒரே ஒரு மணி நேரம். காகிதத்தைக் கசக்கினாள், மறுபடி பிரித்தாள், மறுபடி படித்தாள். அதில் வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்று தேடினாள்.

கர்ட்டிஸ் ரெய்னோவை முதுகில் சுமந்து வந்து பிர்ச் மரத்தடியில் கிடத்தினான். காகிதத்தை வாங்கிப் படித்தான். எய்லா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன்மேல் பாய்ந்து நாலு அறை அறைந்திருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். அவனோ காகிதத்தை நான்காக மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். படகிலேயே கிடந்த தன் பையிலிருந்து ஓட்டக் காலணியை எடுத்து மாட்டினான்.

“பதினாலு மைல்தானே? ரெண்டு மணி நேரம்” என்றான். “மொத வீடு எது?”

“நெடுஞ்சாலை ஏறினதும் இடது கைப்பக்கம். பச்சைக் கூரை. பூட்டியிருக்காது, உள்ள போய் போனை எடு.”

“மாப்ளே” என்றார் ரெய்னோ, கண்ணைத் திறக்காமல். “இப்பவாவது ஒரு காரணத்தோட ஓடறியே.”

கர்ட்டிஸ் ஓடினான். சிவப்புச் சட்டை மரங்களுக்குள் மறைகிறவரை எய்லா பார்த்தாள். கண்டவன் எல்லாம் கேலி செய்த அந்தக் கால்களை நம்பித்தான் இனி எல்லாம்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. அதுதான் கொடுமை. நெருப்பு மூட்டினாள். தன் கோட்டையும் மார்லிஸின் கோட்டையும் அவர்மேல் போர்த்தினாள். பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. துணியை அழுத்திப் பிடித்த இடத்திலிருந்து கையை எடுத்தால் மறுபடி ஊறியது. அழுத்தினாள். விரல் மரத்துப்போனதும் மார்லிஸ் அழுத்தினாள், பிறகு மறுபடி எய்லா. யாராவது மீன்பிடிக்கிறவன், வேட்டைக்காரன், எந்தப் பயலாவது இந்தச் சாலையில் வரமாட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் இலை சரசரத்தால்கூட வண்டி என்று நினைத்து எழுந்தாள். நான்கு தடவை எழுந்தாள்.

ஒரு மணிவாக்கில் ரெய்னோவின் உதடு வெளுத்துவிட்டது.

“வண்டியை யாரு எடுத்தது?”

“ஒருத்தன். பொண்ணைக் குளவி கொட்டிடுச்சாம்.”

“சின்னப் பொண்ணா?”

“எழுதல.”

அவர் எப்போதும்போல ஏதாவது கிண்டலாகச் சொல்வார், சிரித்துவிடலாம் என்று எய்லா முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

“இந்த ஒரு தடவை பூட்டியிருக்கலாம், எய்லா” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குளிர்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஜெயித்த ஒரே சண்டை அது. “ஆமா” என்று சொல்லியிருக்கலாம். “மன்னிச்சுக்கோ” என்று சொல்லியிருக்கலாம். அவள் துணியை இன்னும் பலமாக அழுத்தினாள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை அன்றையிலிருந்து அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தாய்மொழியான பின்னிஷில், அவருடைய அம்மாவோடு. அடுப்பில் பாலைப் பார்க்கச் சொன்னார். இரண்டே முக்காலுக்கு மார்லிஸ், “அம்மா, கையை எடும்மா. இரத்தம் நின்னுடுச்சு” என்றாள். எய்லா ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டாள். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. மூன்றே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தபோதும் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். முன்னிருக்கையிலிருந்து இறங்கிய கர்ட்டிஸின் காலுறை குதிகாலில் இரத்தமாக இருந்தது. அவன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவள் வீட்டு முற்றத்தில் வண்டி வந்து நின்றது. அவளுடைய வண்டி, கழுவித் துடைத்திருந்தது. இறங்கியவன் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். சொன்னபடி மதியம் துறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே இரத்தக் கறையையும் அணைந்த நெருப்பையும் பார்த்துவிட்டு, வழியில் காப்பிக்கடையில் விசாரித்திருக்கிறான். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தான். தொப்பியைக் கழற்றியவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டு நின்றான். திறந்திருந்த கதவு வழியே இருக்கையில் ஒரு தட்டில் ஆப்பிள் பலகாரம் தெரிந்தது, மேலே காகிதம் மூடி.

எய்லா வாசற்படியில் நின்றாள். கர்ட்டிஸ் அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்றான்.

“நான்தான் வெர்னன்” என்றான் அவன். “அம்மா... எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

அவன் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“உன் பொண்ணு?”

“நல்லா இருக்கா. நேத்து சாயங்காலமே எழுந்து உக்காந்துட்டா.”

“என்ன வயசு?”

“எட்டு.”

எய்லாவுக்கு அந்தக் குழந்தைமேல் வெறுப்பாக வந்தது. பார்த்தேயிராத எட்டு வயதுக் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று கேட்டு வெறுப்பு வருகிறதே, நான் என்ன ஜென்மம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவளுடைய ஒன்பதாவது வயதில் அவள் தம்பியும் இப்படித்தான் பிழைத்தான். அன்றைக்கு அந்த ஃபோர்டு வண்டிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாளாவது அவள் கேட்டதுண்டா?

வெர்னன் இரண்டு எட்டு முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினான். அதில் சாவி.

எய்லா வாங்கிக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து கர்ட்டிஸ், “எய்லா, நான் வாங்கிக்கறேன். நீங்க உள்ள போங்க” என்றான். அவன் தோளைத் தொட்டதும் அவள் உதறினாள்.

“என் கையில குடுக்காதே” என்றாள் வெர்னனிடம். “எடுத்த எடத்துலயே வை.”

அவனுக்குப் புரியவில்லை. கர்ட்டிஸைப் பார்த்தான். கர்ட்டிஸ் வண்டியின் வெயில் தட்டியைக் காட்டித் தலையை அசைத்தான். வெர்னன் வண்டிக்குத் திரும்பிப் போய், வெயில் தட்டியை மடக்கி, சாவியைச் செருகினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். தொப்பியை மாட்டாமலேயே கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனான்.

எய்லா உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்து, பூட்டாத அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.